மேல்வீட்டு மோட்டார்

எனக்கு எழுபத்தெட்டு வயது. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். யாரிடமும் தலை குனிந்து நின்றதில்லை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் சிங்கப்பூரில், கிளமெண்டியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசி மகன் என்னோடு இருக்கிறான். கம்பெனியில் ஆள் குறைத்தபோது அவன் வேலையும் போயிற்று. அதற்குப் பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவன்தான். கூப்பிட்டால் சாப்பிட வருவான், பாதித் தட்டில் எழுந்துவிடுவான். அப்படி இருந்தவன் ஒருநாள் பெட்டி பெட்டியாகச் சாமான் வரவழைத்து, மரமும் அலுமினியமும் செதுக்குகிற மெஷின் ஒன்றை அந்த அறையிலேயே பூட்ட ஆரம்பித்தான். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மோட்டார்கள் அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்துமாம். அப்புறம் காலையில் எழுந்து சவரம் செய்துகொண்டான். "அம்மா, ரசம் இருக்கா?" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் மோட்டார் ஓடினால் கீழ்வீட்டுச் சீன அம்மா, துணி காயப்போடுகிற மூங்கில் கம்பால் தன் வீட்டு சீலிங்கைத் தட்டுவார். எங்கள் காலடியில் டொக் டொக் என்று கேட்கும். ஒருநாள் மேலேயே வந்துவிட்டார். இன்னொரு தடவை சத்தம் வந்தால் நகர மன்றத்தில் சொல்லிவிடுவேன் என்றார். மகன் மெஷினின் ஒயரைப் பிடுங்கினான். "வித்துடுறேம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் நான் கீழே இறங்கினேன். உன்னைவிட இந்த பிளாக்கில் எனக்குத்தான் வருஷம் அதிகம் என்று நறுக்கென்று கேட்கத்தான் போனேன். கதவு திறந்தது. ஹாலிலேயே கட்டில். பக்கவாதத்தில் விழுந்த அவர் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். இரவு பகல் இல்லாமல் கோழித்தூக்கம்தானாம், அதுவும் மேல் சத்தத்தில் கலைந்துவிடுகிறதாம். கேட்க வந்ததெல்லாம் எனக்கு மறந்து போயிற்று. எங்கள் வயதுக்காரர்களுக்குப் பொதுவாக இருப்பது சந்தையில் பேசிப் பழகிய மலாய் மொழிதான். அதில் என் மகன் கதையைச் சொன்னேன்.

அவர் கட்டிலில் இருந்தவரின் போர்வையைச் சரிசெய்தார். அப்புறம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "நீ உக்காரு. அவன் ஓட்டட்டும். எது சத்தம்னு இங்கேருந்து சொல்லுவோம்லா."

மேலே அறையில் அவ்வளவாகக் கேட்காது. தரை வழியாக இறங்கி இங்கேதான் உறுமுகிறது. அது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. மகனை போனில் கூப்பிட்டேன்.

"இப்ப எப்படிம்மா?"

"வண்டு குடையுற மாதிரி இருக்குடா."

"இப்ப?"

சீன அம்மா கையை ஆட்டினார். "தா போலே, தா போலே!" முடியாதாம்.

மின்சாரத்தைக் கூட்டினால் மோட்டார் சூடாகிக் கத்துமாம், ரொம்பக் குறைத்தால் பாதி வழியில் தடம் தவறுமாம். ஒரு வேகத்தில் அதிர்வது இன்னொரு வேகத்தில் அடங்குமாம். மகன் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே வந்தான். பொறுமை போன சீன அம்மா என் போனைப் பிடுங்கி, "மெதுவா, மெதுவாலா, சின்னப் பையா!" என்று அதட்டினார். சின்னப் பையனுக்கு வயது நாற்பத்தாறு.

எங்கள் இரண்டு பேர் காதுக்கும் அடங்கிவிட்டது. கட்டிலில் இருந்தவர் மட்டும் ஒரு விரலைத் தூக்கியபடி இருந்தார். அவருக்கு இன்னும் கேட்கிறது. "இன்னும் கொஞ்சம்டா" என்றேன். விரல் இறங்கும், மறுபடி எழும். கடைசியில் போர்வைமேல் இறங்கிய விரல் எழவேயில்லை. பார்த்தால், தூங்கிவிட்டார்.

ஹாலில் அவர் மூச்சுச் சத்தம் மட்டும்தான். போனில் குசுகுசுவென்று கேட்டேன். "நிறுத்திட்டியாடா?"

"ஓடிக்கிட்டுதாம்மா இருக்கு."

சீன அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. அந்த மனுஷர் தூங்குவதைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தோம்.

ஒரு புகார் கொடுத்திருந்தால் சீன அம்மாவின் கஷ்டம் அன்றோடு தீர்ந்திருக்கும். கொடுக்காமல், என் பிள்ளை நல்லா இருக்க வேண்டும் என்று தன் வீட்டு நிம்மதியில் எனக்கும் ஓர் இடம் போட்டாரே, அதை நினைக்காத நாள் இல்லை.

இவ்வளவும் எழுதி முடித்துத் தாளைப் பேத்தியிடம் நீட்டினேன். "இந்தா கண்ணு, இதைச் சத்தமா வாசி. அந்த அம்மாவைப் பத்தி எழுதினது குறைச்சலா இருந்தா சொல்லு, இன்னும் எழுதணும்."