கரையில் குத்திய துளைகள்

கடைக்காரர் பின்னால் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பாமல் கோவிந்தராஜ சாமி கோயில் பக்கமாக நடந்தேன். கக்கத்தில், பழைய வேட்டியில் சுற்றிய பட்டுச்சேலை. நெய்தது அண்ணன். முந்தானையில் ஊசியால் அன்னங்களைப் போட்டது அண்ணி.

"மிஷின் சேலைக்குக் கையால பூப்போட்டு யார ஏமாத்துற பாபு? தறிச்சேலைன்னா கரையில துளை எங்க?" என்று அந்தக் கடைக்காரர் கேட்டிருந்தார்.

துளை இருந்தது. நாங்கள்தான் மூடியிருந்தோம்.

கைத்தறியில் துணி உள்வாங்காமல் இருக்க, இரு முனையிலும் முள் வைத்த குச்சியைக் குறுக்கே கொடுத்து இழுத்துப் பிடிப்பார்கள். நெய்ய நெய்யக் குச்சியை நகர்த்துவார்கள். முள் குத்திய இடமெல்லாம் கரையில் பொடித்துளைகள் நிற்கும். போன முறை சித்தூர்க் கடைக்குக் கொடுத்த சேலை அந்தத் துளைகளுக்காகவே திரும்பி வந்தது. வாங்கியவள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவளாம். பூச்சி அரித்த துணி என்று தூக்கிப் போட்டாளாம். அதனால் இந்த முறை அண்ணி, நிறைமாதத்தோடு உட்கார்ந்து, ஈரத்துணியாலும் கட்டைவிரல் நகத்தாலும் இரண்டு கரையையும் தேய்த்து இழைகளைக் கூட்டிவிட்டாள். "இப்ப எந்த மகாராணி கொற சொல்றான்னு பாக்கறேன்" என்றாள்.

சேலை தறிச்சேலை விலைக்குப் போனால் தறியில் அடுத்த பாவு ஏற்ற நூல் வாங்கலாம். போகாவிட்டால் அண்ணன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக வேண்டும். மேஸ்திரி ஏற்கெனவே வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போயிருந்தான். நான் ஒன்பதாவதோடு நின்றவன். சென்னை ஓட்டலில் எச்சில் இலை எடுத்து, லாரியில் கிளீனராகச் சுற்றி, கார்வேட்டிநகரம் பக்கத்து எங்கள் ஊருக்குத் திரும்பியிருந்தேன். தறியில் உட்காரப் பொறுமை கிடையாது. சேலை கொண்டுபோகிற வேலை மட்டும் என்னுடையது.

எஸ்டிடி பூத்திலிருந்து பக்கத்து வீட்டு போனுக்குப் பேசி அண்ணியைக் கூப்பிடச் சொன்னேன்.

"துளை இல்லன்னு வேணாம்ட்டாரு அண்ணி."

"இன்னாப்பா இது? அங்க பொத்தல் கீதுன்னு வேணாங்கறான், இங்க பொத்தல் இல்லன்னு வேணாங்கறான். உங்கண்ணன் பைய எடுத்து வெச்சிக்கினு கீறாரு. நீயே குத்திடு."

"நானா?"

"என் தாலியில கீற ஊக்க அனுப்பட்டா? ஒண்ணு வாங்கிக் குத்து. துன்னியா?"

"துன்னுட்டேன்" என்றேன். துன்னவில்லை.

கோயில் குளத்துப் படியில் உட்கார்ந்து, மடியில் சேலையை விரித்து, ஊக்கால் கரை நெடுகக் குத்திக்கொண்டே வந்தேன். பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் வெகுநேரம் பார்த்தாள்.

"புதுத்துணிய இன்னாத்துக்குப்பா கொத்திக்கினு கீற?"

"கையால நெய்ததுன்னு காட்டணும்க்கா."

"அப்ப கையால நெய்யலயா?"

"கையாலதான் நெய்தது."

"அப்பறம் இன்னாத்துக்குக் குத்தற?"

மீதியையும் குத்தி முடித்தேன்.

அடுத்த கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கரையை விரலால் தடவினார். சேலையைத் திருப்பிப் பார்த்தார். சிரித்தார்.

"பாகுந்தி, நல்லாத்தான் கீது. ஆனா முள்ளு குத்தினா துளை ஏறி எறங்கி வரும்பா. நீ ஸ்கேல் வெச்சாப்ல குத்திகீற."

"நெசமாவே தறிச்சேலை சார். மொதல்ல துளை இருந்துச்சு. மூடிட்டோம். அப்பறம் மறுபடியும்..."

"சரே சரே. எல்லாரும் இதான் சொல்றாங்க."

மிஷின் சேலை விலைதான் கொடுத்தார். அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. ஆனால் வாங்கிய சேலையை மடித்து, கைத்தறிச் சேலைகள் இருந்த கண்ணாடி அலமாரியில் வைத்தார். அவர் என்னை நம்பவில்லையா, நம்பாதவர் மாதிரி பேசி விலையைக் குறைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படியிறங்கும்போது கூப்பிட்டார். "கை சுத்தமா கீது உனக்கு. உள்ள பவர்லூம் சேலை கட்டு கட்டா கெடக்குது. காலைல வர்றியா?"

மறுபடி போன் செய்தேன். எந்த விலைக்குப் போனது என்று அண்ணி கேட்டாள், சொன்னேன். "சரி. உங்கண்ணன மேஸ்திரிகிட்ட வர்றதா சொல்லிடச் சொல்றேன்" என்றாள். பிறகு, "அன்னத்தப் பாத்தாரா?" என்று கேட்டாள். பார்த்தார் என்றேன். அதுவும் எனக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டில் படுத்தேன். அண்ணன் பெங்களூர் பஸ் ஏறிய அந்தக் காலையில், நான் கடையின் பின்கட்டில் ஊசி அறைந்த ஒரு கட்டையோடு உட்கார்ந்து, பவர்லூம் சேலைகளின் கரையில் துளை போடும் வேலையில் சேர்ந்தேன். ஏறி இறங்கி வர வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். அண்ணன் தறியில் அந்த முள் குச்சி எப்படி நகரும் என்று நினைத்து நினைத்துக் குத்தினேன்.