ஐயர் பேசாமல் இருந்த மாதம்

சித்தரத்தை கொதிக்கிற வாசனை எங்கள் வீட்டில் எழும்பிப் பல வருஷம் ஆகிறது. போன வாரம் எழும்பியது. மருமகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது. கொஞ்ச நாள் பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தையும் பனங்கற்கண்டும் வாங்கிவந்து, "எம்மா, இதை எப்படிப் போடணும்னு உங்களுக்குத்தான் தெரியும்" என்று என் கையில் கொடுத்தான். தட்டிப் போட்டு, அடுப்பைக் குறைத்து வைத்தேன். முழங்கால் நிற்கவிடவில்லை. அங்கேயே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வாசனை மூக்கில் ஏறினதுதான் தாமதம், தூத்துக்குடி வந்துவிட்டது. உப்புக்காற்று, கண் கூசும் வெயில், வாசலில் நின்று யாரோ ஒருவர் "ஐயர் இருக்காவளா?" என்று கேட்கிற சத்தம், எல்லாம் ஒன்றாக.

எங்கள் பக்கத்துச் சபைகளில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் பெண்சாதி ஐயரம்மா. தாலி ஏறின அன்றைக்கே நான் ஐயரம்மா ஆகிவிட்டேன். என் அம்மா வயசுக்காரர்கள்கூட என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். எனக்கு எங்கே போய் ஒளிந்துகொள்ளலாம் என்று இருக்கும். உடன்குடிக்குப் பக்கத்தில், பனங்காட்டில் பிறந்து, அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். அவர் என் அத்தை மகன். பி.ஏ. முடித்து, அதற்கு மேல் ஊழியத்துக்கும் படித்தவர். உறவு விட்டுப்போகக் கூடாது என்று கட்டிவைத்தார்கள். அவ்வளவு படித்தவரிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. "சாப்பிட வாங்க", "குழாயில தண்ணி வந்துட்டு", "யாரோ வந்திருக்காவ". இந்த மூன்றையும் வைத்தே முதல் இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டேன்.

எழுபதுகளின் நடுவில் அது. சபைக் கோயிலை ஒட்டினாற்போல ஐயர் வீடு. பின்கதவைத் திறந்தால் உப்பளம். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று அந்தக் குழாய்க்கே தெரியாது. ஐயர் வீட்டுக்குக் கதவு இருந்தது, சாத்துகிற வழக்கம்தான் இல்லை. விடியுமுன்னே வேலைக்குப் போகிற உப்பளத்துப் பெண்களில் தொடங்கி, பொழுது சாயத் திரும்புகிற துறைமுகத்து ஆட்கள் வரைக்கும் வருவார்கள். ஜெபம் பண்ண, சண்டை தீர்க்க, பிள்ளைக்குப் பேர் வைக்க, ஒன்றுமில்லாமல் சும்மா உட்கார. வந்தவர்களுக்கெல்லாம் கருப்பட்டிக் காப்பி. அந்த நாளில் எனக்கு இருந்த அலுப்பு இந்த வயசில்கூட இல்லை. அலுப்பு என்று சொல்லவும் கூடாது, ஐயரம்மா அல்லவா. இடுப்பில் கையை வைத்துக் கொஞ்சம் நின்றால்கூட யாராவது பார்த்துவிடுவார்கள். பெண்கள் சங்கத்தில் என்னை ஜெபிக்கச் சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதையே ஜெபம் என்று எடுத்துக்கொண்டு கடைசியில் எல்லோரும் ஆமென் சொல்லிவிடுவார்கள். நல்ல சனங்கள்.

என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு குரல். கோயிலில் மைக் கிடையாது, பண்டிகைக்கு மட்டும் வாடகைக்கு எடுப்பார்கள். மைக் எதற்கு? அவர் பேசினால் கடைசி வரிசையில் தூங்குகிறவர் வரைக்கும் போய்த் தட்டும். கீர்த்தனை பாடினால் ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திக் கேட்பார்கள். குளிக்கும்போதும் பாட்டுத்தான். அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் தினமும் சாயங்காலம் ஒரு தெருவில் கூட்டம் வைத்தார். குருத்தோலை ஞாயிறன்று பவனியை உப்பளத்து வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். எதிர்க்காற்று. உப்புத்தூசி பறந்து உதட்டில் ஒட்டுகிறது. காற்றோடு போட்டி போட்டுக்கொண்டு பாடினார். திங்கட்கிழமை காலையில் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தார். வெறும் காற்றுத்தான் வந்தது.

"ஒரு மாசம் வாயே திறக்கக் கூடாது. குசுகுசுன்னுகூடப் பேசக் கூடாது. அதுக்குப் பொறவும் வருமா வராதான்னு அப்பத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

அவர் அப்போது உதவிகுருதான். ஈஸ்டர் முடிந்து ஏழாம் வாரம் வருகிற பெந்தெகொஸ்தே கழிந்து குருப்பட்டம் கொடுப்பதாக இருந்தார்கள். அந்தப் பட்டம் கிடைத்தால்தான் முழு ஐயர். நற்கருணை கொடுக்கலாம், கல்யாணம் நடத்தலாம். குரல் வராவிட்டால் பட்டம் இல்லை, ஊழியமும் இல்லை. அவருக்கு அதைத் தவிர வேறு ஆசையே கிடையாது.

சபைக் கமிட்டிச் செயலாளர், உப்பு வியாபாரம் செய்கிற ஓர் அண்ணாச்சி. இவர் சரி என்று எழுதினால்தான் மேலே பேராயரிடம் எடுபடும். சேதி தெரிந்ததும் வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சத்தமில்லாத ஐயரை வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய, ஐயரம்மா? நீங்களே சொல்லுங்க" என்று என்னைக் கேட்டார். நான் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நாசரேத் பக்கமிருந்து வயதான ஐயர் ஒருவர் வந்து ஆராதனை நடத்தினார். என் வீட்டுக்காரர் சனங்களோடு கீழே உட்கார்ந்திருந்தார். உயிர்த்தெழுதல் பாட்டு ஆரம்பித்ததும் உதட்டை இறுக்க மூடிக்கொண்டார். தாடை மட்டும் துடித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பாட்டு ஓடவில்லை.

அப்புறம் மருந்துகள் வந்தன. சித்தரத்தை, ஆடாதோடை, தூதுவளை, மிளகு, பனங்கற்கண்டு. ஒருத்தி சுறாப்புட்டுக் கொண்டுவந்து தொண்டைக்கு இதை மிஞ்சி ஒன்று கிடையாது என்றாள். எல்லாவற்றையும் அவர் குடித்தார், தின்றார். வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லையே.

ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கிற ஓய்வுநாள் பள்ளியிலிருந்து ஒரு சிலேட்டு எடுத்து வந்தோம். அவர் எழுதுவார், வந்தவர்களுக்கு நான் வாசித்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் கூட்டெழுத்தாகக் கடகடவென்று எழுதினார். நான் விழித்தேன். மறுநாளிலிருந்து ஒவ்வொரு எழுத்தையும் முட்டை முட்டையாகப் பெரிதாக எழுதினார். அப்படியும் நாலு பேர் முன்னால் எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு வேர்த்துக் கொட்டும். என்ன எழுதியிருக்கிறது என்பது மனசில் ஏறவே ஏறாது. தப்பில்லாமல் முடித்தால் போதும் என்றிருக்கும்.

ஒரு நாள் செயலாளர் அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார். கோயில் கூரை ஓடு, பண்டிகைச் சமையல், சம்பந்தி பண்ணின அநியாயம் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. என் வீட்டுக்காரர் சிலேட்டில் எழுதி என் பக்கம் நீட்டினார். நான் எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல, "இவர்... லேசில்... போக... மாட்டார். காப்பி... கொடுத்து... அனுப்பி... விடு" என்று கடைசி எழுத்துவரைக்கும் சத்தமாக வாசித்துவிட்டேன்.

வாசித்து முடித்த பிறகுதான் உறைத்தது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அண்ணாச்சி துண்டை எடுத்தார்.

"காப்பி வேண்டாம்மா. நாங்க லேசாவே போயிருதோம்."

போயேவிட்டார். நான் அடுக்களைக்குள் ஓடிப்போய் அழுதேன். பட்டம் போச்சு, என் வாயாலே போச்சு என்று. பின்னாலேயே வந்து அவர் சிலேட்டைக் காட்டினார். 'நல்லா வாசிச்சே' என்று எழுதியிருந்தது. சத்தம் வந்துவிடக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கல்யாணமாகி அவர் முன்னால் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். பயம் மட்டும் போகவில்லை. அடுத்த ஞாயிறு அண்ணாச்சி எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

அந்த நாட்களில்தான் ஞானப்பூ வந்தாள். உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவள் வீட்டுக்காரர் கொழும்புக்குப் போகிற தோணியில் ஆள். போய் வெகுநாளாகி ஒரு தகவலும் இல்லை. என் வீட்டுக்காரர் மருந்துக்குப் போயிருந்தார், சிலேட்டும் அவரோடு போய்விட்டது. "நீங்க ஜெபம் பண்ணுங்க, ஐயரம்மா" என்று என் எதிரில் முழங்காலில் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். ஒரு வார்த்தை வரவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தானாகவே பேச ஆரம்பித்தாள். தோணி, கடன், மாமியார், அவர் குடிக்கிறது, குடித்தாலும் தன்னை அடிக்காதது, எல்லாவற்றையும் கொட்டினாள். அழுது முடித்தாள். நான் ஆமென் என்றேன். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தோணி வந்து சேர்ந்தது. ஞானப்பூ கொழும்புச் சோப்பு ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தெருவெல்லாம் சொல்லியிருக்கிறாள். "ஐயரைவிட ஐயரம்மா ஜெபம் பலமுள்ள ஜெபம் பாத்துக்கிடுங்க. என்னமா பண்ணுதாவ!" அதற்கப்புறம் பெண்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நான் முழங்காலில் நிற்பேன், அவர்கள் பேசுவார்கள், நான் ஆமென் சொல்வேன். காப்பி போடுகிற வேலைதான் இரட்டிப்பானது.

சாயங்காலம் ஆள் ஓய்கிற நேரத்தில் பின்வாசலில் துவைக்கிற கல்லில் அவர் உட்கார்ந்திருப்பார். உப்பு அம்பாரமெல்லாம் சிவந்து கிடக்கும். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அப்பா பனையேறப் போகும்போது கூடவே போகிற நாயைப் பற்றி. பதநீர் காய்ச்சுகிற புகையைப் பற்றி. சொல்லச் சொல்ல அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இவ்வளவு பேச்சு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

ஒரு நாள் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். முதல் வருஷம் நிறைமாசத்துக்கு முன்னாலேயே பிறந்து, மூச்சில்லாமல் போன பெண்பிள்ளை. அன்றைக்கு அவர் ஊழியத்துக்கு வெளியூர் போயிருந்தார். ஓடிவந்து கட்டில் பக்கத்தில் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினார். அருமையான ஜெபம், சுற்றி நின்றவர்களெல்லாம் அழுதார்கள். நானும் ஆமென் சொன்னேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"அதுக்குத் தலை நிறைய முடி இருந்துச்சு. நீங்க பாக்கல" என்றேன். "நான் ஒரு பேர்கூட வச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல."

அவர் கையில் சிலேட்டுக்குச்சி இருந்தது. எழுதுவார் என்று பார்த்தேன், ஏதாவது வசனம் எழுதுவார் என்று. குச்சியைக் கல்லில் வைத்துவிட்டார். நான் பேரைச் சொன்னேன். மற்றதையும் சொன்னேன். இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கேற்ற இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மாதம் முடிந்து, இனிப் பேசிப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்ன சனிக்கிழமை, செயலாளர் அண்ணாச்சி கமிட்டி ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். உட்காரவில்லை. துண்டு தோளிலேயே இருந்தது. "பேராயருக்கு ஒரு பதில் எழுதணும். குரல் வந்துட்டா இல்லையா, அதைக் கேட்டுட்டுப் போயிருதோம்" என்றார். நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தரம் செருமினார்.

"இருங்க அண்ணாச்சி. காப்பி குடிச்சிட்டுப் போலாம்."

எண்ணெய் போடாத வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு குரல். ஆனால் குரல்தான். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன ஐயரம்மா, இது சிலேட்டுல எழுதுனதா, நெசமாவே சொல்லுதாவளா?" என்று கேட்டுவிட்டு, துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ஏலே, நீங்களும் உக்காருங்க. இன்னைக்கு நான் லேசுல போக மாட்டேன்."

போகவும் இல்லை. பொழுது அடைகிற வரைக்கும் இருந்தார். நான் காப்பிப் பானையை மூன்று தரம் ஏற்றி இறக்கினேன். அத்தனை சந்தோஷமாக என் இடுப்பு அதற்கு முன்னும் பின்னும் வலித்ததில்லை.

குருப்பட்டம் நல்லபடியாக நடந்தது. குரல் அப்படியே கனத்துப்போய்விட்டது. மேலே எட்டாது. பாடுவதை விட்டுவிட்டார், குளிக்கும்போதுகூட. ஆறுதல் சொல்ல இந்தக் குரல்தான் பொருத்தம் என்று சனங்கள் சொன்னார்கள். உண்மைதான். எந்தச் சாவு வீட்டுக்கும் அவரைத்தான் தேடினார்கள். சொல்லிச் சொல்லிக் களைத்து வீடு வருவார். நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் முடிக்குமுன்னே அவரிடம் பதில் இருக்கும். நல்ல பதில்தான், குறை சொல்ல மாட்டேன். நான் மறுபடியும் "சாப்பிட வாங்க", "தண்ணி வந்துட்டு", "யாரோ வந்திருக்காவ" என்று ஆகிவிட்டேன். எத்தனையோ ஊருக்கு மாற்றலாகிப் போனோம். எந்த வீட்டிலும் பின்வாசலில் அப்படி ஒரு கல் வாய்க்கவில்லை. வாய்த்திருந்தாலும் உட்கார நேரம் ஏது.

அந்த ஐயர் வீட்டை இடித்துவிட்டார்கள். உப்பளத்தில் பாதி வீட்டு மனையாகிவிட்டது. அண்ணாச்சியும் போய்ச் சேர்ந்தார், ஞானப்பூவும் போய்ச் சேர்ந்தாள். என் வீட்டுக்காரர் போயும் வருஷங்கள் ஆகின்றன. அவர் பிரசங்கங்களை யாரோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். மகன் அதையெல்லாம் போனில் ஏற்றியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், "எம்மா, கேளுங்க" என்று என் காதுப்பக்கம் வைப்பான். அந்தக் கனத்த குரல் பேசும். கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர் பேசினதெல்லாம் அதில் இருக்கிறது. பேசாமல் கல்லில் உட்கார்ந்திருந்தாரே, அதை எதில் போட்டுக் கேட்பது?