மூச்சு முட்டிய மேல்மாடி

எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில்தான் இருப்பார். பெண்ணைப் பெற்றவனுக்கு இதில் ஒரு லாபம் உண்டு, மகள் எங்கேயும் போகமாட்டாள். எனக்கு இருப்பது ஒரே மகள். அவள் என் தலைக்கு மேலே நடமாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கிழவனாகி மௌத்தாகிவிடுவது என்பதுதான் என் திட்டம். வேறு திட்டம் எதுவும் என்னிடம் இருக்கவில்லை.

காணியில் ஒரு பப்பாசிக் கன்று வைக்கவும் இடமில்லை. ஆகவே மகளுக்கான வீட்டை எங்கள் வீட்டுக்கு மேலே கட்டினேன். சாய்ந்தமருதில் கடலுக்கும் பெரிய வீதிக்கும் நடுவில் நெருக்கியடித்துக் குடியிருக்கிற எங்களுக்கு ஆகாயம் மட்டும்தான் மிச்சம். மேல் பாத்ரூமின் கழிவுக் குழாய் சுவரோடு இறங்கி, கீழே எங்கள் பாத்ரூமின் குழாயையும் சேர்த்துக்கொண்டு, முன் முற்றத்துக்கு அடியில் உள்ள குழிக்குப் போனது. கிணறு பின்பக்கம் என்பதால் குழி முன்பக்கம்.

அந்தக் குழாயின் மேல் நுனியை மேசன் கூரைக்கு மேலே நீட்டி விட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வீடு பார்க்க வர இருந்த கிழமை, என் மனைவி வீதியில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, பெயின்ட் அடித்த முகப்பில் அது பேக்கரிப் புகைக்குழாய் மாதிரி நிற்கிறது என்றாள். அது எதற்கு என்று மேசனிடம் கேட்டேன். காற்றுப் போகத்தான் என்றார். வெட்டினால் என்ன என்றேன். கொஞ்சம் யோசித்தார். காற்று எப்படியும் ஒரு வழி பார்த்துப் போய்விடும் என்று சொல்லிவிட்டு, ஈர்வாளை எடுத்து அறுத்து, நுனிக்கு மூடியும் போட்டார். வந்தவர்கள் டைல்ஸைத் தட்டிப் பார்த்தார்கள், பைப்பைத் திறந்து மூடிப் பார்த்தார்கள், அலுமாரிக்குள் தலையை விட்டுப் பார்த்தார்கள். கூரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கலியாணம் முடிந்த மறுநாள் காலையில் மேல் பாத்ரூமில் யாரோ ஃப்ளஷை இழுத்துத் தண்ணீர் விட்டார்கள். கீழே எங்கள் பாத்ரூமின் தரைத் துவாரம், எருமை வாய்க்காலில் நீர் குடிப்பது போலக் குளக் குளக் என்று சத்தமிட்டது. பின்னாலேயே குழியின் நாற்றம் வந்தது. வீடு வெடிக்கப் போகிறது என்று நான் முடிவு செய்தேன். அடுப்பை மூட்டவேண்டாம் என்று மனைவியைத் தடுத்து, கேஸ் சிலிண்டரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். வைத்த இடம் குழியின் மூடிக்கு மேல் என்பது பிறகுதான் தெரிந்தது.

போனில் தேடித் தேடிப் படித்தேன். குழாயில் விழுகிற தண்ணீர் தனக்குப் பின்னால் காற்றை இழுக்கும். மேல் நுனி திறந்திருந்தால் அந்தக் காற்று வெளியிலிருந்து வரும். மூடியிருந்தால் பக்கத்தில் எந்த வாய் கிடைக்கிறதோ அதிலிருந்து வரும். எங்கள் தரைத் துவாரத்துக்கு அடியில் ஒரு வளைவு இருக்கிறது. அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, குழியின் நாற்றத்தை வீட்டுக்குள் விடாமல் மறித்துக்கொண்டிருக்கும். மேலே ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அந்த மறிப்புத் தண்ணீர் உறிஞ்சப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டவன் உடனே மேசனைக் கூப்பிட்டிருப்பான். நான் பகிடி விட்டேன். காலைச் சாப்பாட்டில் எல்லோரும் இருக்கையில், மேலே மழை பெய்தால் கீழே தவளை கத்துகிறது என்றேன். மனைவி சிரித்தாள். மகள் குனிந்துகொண்டாள். மருமகன் இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் விடியற்காலை சுபஹ் பாங்குக்கு வெகு முன்பாகவே பள்ளிக்குப் போகத் தொடங்கினார். மத்தியானம் லுஹருக்குப் போனால் பின்னேரத்து அசரும் முடிந்துதான் திரும்பினார். தேத்தண்ணிக் கடையில் என் கூட்டாளி ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி, "மச்சான், மருமகன் எண்டா இப்பிடி இரிக்கணும். கதவு திறக்க முந்தியே பள்ளி வாசல்ல நிக்காரு" என்றான். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். என் வீட்டுச் சூழல் ஒரு வாலிபனைத் தீனின் பக்கம் திருப்பியிருக்கிறது என்று இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

ஒருநாள் மகள் தேங்காய் எடுக்கக் கீழே வந்தாள். அவளிடமும் அதையே புகழ்ந்தேன். அவள் தேங்காயை நிலத்தில் வைத்தாள்.

"அவரு தொழுறவருதான் வாப்பா. ஆனா அவ்வளவு வெள்ளனப் போறது தொழுறத்துக்கில்ல."

"வேற என்னத்துக்கு?"

"மேல தண்ணி இழுக்கிற சத்தத்த நீங்க கீழ இருந்து கேக்கீங்களாம். அவருக்கு வெக்கம். பள்ளிக் கக்கூசுக்குத்தான் போறாரு."

அன்றைக்கே மேசனை இழுத்துவந்து குழாயை மறுபடி கூரைக்கு மேலே நீட்டினோம். சத்தம் நின்றது. அதை மருமகனிடம் எப்படிச் சொல்வது? மகன், இனிப் பயமில்லாமல் போங்கள் என்று எந்த மாமனார் சொல்வான்? மகள் வழியாகச் சொல்லியனுப்பினேன். அவர் பள்ளிக்குப் பாங்கு சொன்ன பிறகு போகத் தொடங்கினார். ஊர் அவரைப் புகழ்வதை நிறுத்தியது. நான் சந்தோசமாக இருந்தேன்.

பிறகு மாரி வந்தது. எங்கள் மண் கடல் மணல். மழை பிடித்தால் நிலத்தடித் தண்ணீர் முற்றத்துக்கு ஒரு முழம் கீழே வந்து நிற்கும். குழிக்குள் இருப்பது வெளியே ஊறவேண்டும். வெளியே இருப்பது குழிக்குள் ஊறியது. கழிவு உறிஞ்சும் பௌசர் வண்டியைக் கூப்பிட்டு இறைத்தோம், மறுநாள் காலையில் திரும்பவும் முட்ட நிறைந்திருந்தது. குழியை இறைக்கிறோமா கடலை இறைக்கிறோமா என்று பௌசர்காரன் கேட்டான். தண்ணீர் ஓடக் குழாய்க்கு வாட்டம் கொடுக்கலாம், ஊருக்கு எப்படி வாட்டம் கொடுப்பது? மேலே இழுத்த தண்ணீர் எங்கள் பாத்ரூமில் வந்து நின்றது. மகள் அப்போது பிள்ளைத்தாய்ச்சி. வாந்தியெடுக்கவும் போக இடமில்லாமல் அவள் வாளியோடு உட்கார்ந்திருந்ததை நான் படியில் நின்று பார்த்தேன்.

மருமகன் என் முன்னால் வந்து நின்றார். நிலத்தைப் பார்த்துத்தான் கதைத்தார்.

"மாமா, சம்மாந்துறைல மேட்டுக் காணியில ஒரு ஊடு பாத்திரிக்கன். மழ முடியும் மட்டும்."

ஓம் மகன் என்றேன்.

மழை முடிந்தது. குழி வற்றியது. மேல் பாத்ரூமை நானே தேய்த்துக் கழுவினேன். கதவுக்குப் புதுப் பூட்டு மாற்றினேன், ஜன்னலுக்கு வலை அடித்தேன். மகளுக்குப் போன் எடுத்து, எல்லாம் சரி என்றேன். பிள்ளை பிறக்கட்டும் வாப்பா என்றாள். பிறந்தது. கொஞ்சம் வளரட்டும் என்றாள். அடுத்த மாரியும் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிய வருவார்கள். மருமகன் மரியாதையானவர், ஒரு குறையும் சொல்வதில்லை. சோற்றோடு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார், அதற்கு மேல் குடிப்பதில்லை. நீர் சொட்டச் சொட்ட வத்தகைப்பழம் வெட்டி வைத்தால் பிள்ளையின் கையில் ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவைப்பார். அசருக்கு முன்னால் எழும்பிவிடுவார்கள். போன கிழமையும் மனைவி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் வேண்டாம் என்றார். அவள் மகளுக்கு நீட்டினாள்.

"எனக்கும் வேணாம் உம்மா" என்றாள் மகள். "ஊட்ட போய்க் குடிக்கிறன்."