வயலினில் ஒலித்த மில் சங்கு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வியாபாரம் செய்த சீனியம்மாள், 1986இல், நாற்பத்திரண்டு வயதில் வயலின் கற்கத் தொடங்கினார். சொல்லிக்கொடுத்த ஜெயசீலன் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், அவரைவிட இளையவர். வில் பிடிப்பதில் ஆரம்பித்து ஐந்தாம் ஆண்டில், நடுநடுவே சொந்தக் கற்பனையில் வாசிக்க வேண்டிய ஜாஸ் இசைக்கு வந்தார்கள். தாளில் எழுதியுள்ள ஸ்வரங்களை சீனியம்மாள் பிசகாமல் வாசிப்பார். சொந்தமாக வாசிக்கச் சொன்னால் மட்டும் கை நின்றுவிடும்.

அவ்வாண்டு கிறிஸ்துமஸ் விழாவில், ஜெயசீலன் கிதார் வாசிக்க, சீனியம்மாள் சொந்தமாக வாசிக்க வேண்டிய இடம் வந்தது. கை நின்றது. முன்வரிசையில், இரவு ஷிப்டுக்குப் போகும் வழியில் வந்து உட்கார்ந்திருந்த மில்காரர்களைப் பார்த்தார். வில்லை இழுத்தபடியே விரலைத் தந்தியில் மெல்ல மேலேற்றினார். ஷிப்டுக்கு அழைக்கும் மில் சங்கு போலவே அது ஒலித்தது. இருவர் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

“அண்ணாச்சி, உக்காருங்க! அது சங்கு இல்ல, அக்கா வாசிக்காவ!” என்று கத்தினார் ஜெயசீலன்.

“ஓடுறவிய ஓடட்டும் தம்பி. நீ கிதாரை நிறுத்திராத, எனக்கு இப்பத்தான் வருது!”