ஒரு முழம் டேப்

விமலாவின் வீடியோ டெக்குக்கு வயது முப்பத்தாறு. அவளுக்குக் கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடம். செனவாங்கில் ரேடியோ பாகங்கள் செய்யும் ஃபேக்டரியில் வேலை பார்த்தபோது, போனஸ் வந்த மாதம் அவளே போய் வாங்கியது. கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய துணிப்பெட்டியோடு சேர்ந்து லோரி ஏறி, புக்கிட் பெலண்டோக் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த புருஷன் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அந்த எஸ்டேட்டில் இப்போது ரப்பரும் இல்லை, பழைய ஆட்களும் இல்லை. செம்பனைத் தோப்புக்கு நடுவே ஒரு லயத்தில், ஒட்டிய வரிசை வீடுகளில், ஆறு தமிழ்க் குடும்பங்கள். ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் டெக் இருந்தது. பூப்போட்ட லேஸ் துணி போர்த்தி, மேலே பிளாஸ்டிக் ரோஜா வைத்துப் பத்திரப்படுத்தினார்கள். பத்திரப்படுத்தியதெல்லாம் செத்தது. உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் ஓடாமல் கிடந்தால் உருகித் தார் மாதிரி ஆகிவிடும். பல்லி முட்டை வைக்கும். மழைக்காலத்தில் பூசணம் ஏறும். விமலாவுக்கு இது ஃபேக்டரியில் கற்ற பாடம். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு பழைய டேப்பைப் போட்டுக் கால்மணி நேரம் ஓடவிடுவாள். மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி, பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பாள். பெல்ட் இரண்டு தடவை மாற்றியிருக்கிறாள், சிரம்பான் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கி.

அதனால் ஊர் முழுவதும் அவள் வீட்டுக்கு வந்தது. லுக்குட்டிலிருந்து, சிரம்பானிலிருந்து, முகம் தெரியாதவர்கள்கூடப் பிளாஸ்டிக் பையில் டேப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, திருவிழா. டெக்கிலிருந்து ஒரு வயர் இழுத்து லேப்டாப்பில் சொருகி, பெண்டிரைவில் ஏற்றிக் கொடுப்பாள். வந்தவர்கள் அழுதார்கள், சிரித்தார்கள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

அவளுடைய கல்யாண டேப் மட்டும் பிஸ்கட் டின்னில் அப்படியே இருந்தது. மருந்து பாட்டில்களில் வரும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைச் சேர்த்துச் சேர்த்து அந்த டின்னில் போட்டிருந்தாள். ஒவ்வொரு தடவை ஓடும்போதும் டேப் கொஞ்சம் தேயும் என்று அவளுக்குத் தெரியும். ஒரே தடவை போட வேண்டும், அந்தத் தடவையே ஏற்றிவிட வேண்டும். மழை நிற்கட்டும் என்றாள். அந்த டேப் முடியட்டும், இந்த டேப் முடியட்டும் என்றாள்.

அந்த டேப்பில் வசந்தன் இருந்தான். அவளுடைய தம்பி. கல்யாணத்தன்று அவனுக்குப் பதினேழு வயது. சாப்பாட்டுப் பந்தி முடிகிற நேரத்தில் மைக்கைப் பிடுங்கி, மாப்பிள்ளையைப் பார்த்து ஒன்று சொன்னான். "மச்சான், எங்கக்காவ நல்லா பாத்துக்குங்க. அழுதுச்சுன்னு தெரிஞ்சிச்சு, வீடியோ டெக்க நான் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன் லா." பந்தியே சிரித்தது. மூன்று வருடம் கழித்து லுக்குட் வளைவில் மோட்டார் சைக்கிளோடு போனவன் திரும்பவில்லை. போட்டோ நாலைந்து உண்டு. குரல் அந்த டேப்பில் மட்டும்தான்.

கோலா கிளாவாங்கில் அண்ணன் யோகேந்திரனோடு இருக்கிறாள் அம்மா செல்லம்மா. எண்பத்தோரு வயது. ஒரு காது முன்பே போய்விட்டது. இன்னொன்றும் தீபாவளி வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா போன் போட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், காது இருக்கும்போதே அவன் குரலைக் கேட்க வேண்டும் என்று. ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருவதாக அண்ணன் சொன்னார். விமலா சனிக்கிழமை காலையிலேயே டெக்கைத் துடைத்துத் தயாராக வைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சி ரூசாவிலிருந்து நாத்தனார் நீலாவதி வந்தாள். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய டேப். அவள் புருஷன் முருகையா கோயில் திருவிழாவில் காவடி எடுத்ததைப் பிடித்த டேப். திங்கட்கிழமை அவருக்குத் திதி. வருகிற சொந்தக்காரர்களுக்கு டிவியில் காட்ட வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் ஏற்றிக் கொண்டு வந்து தருகிறேன், நாளைக்கு அம்மா வருகிறாள் என்று விமலா சொல்லிப் பார்த்தாள்.

"உயிரோட இருக்கறவங்க காத்திருப்பாங்க விமலா. செத்தவருக்கு நாள் மாத்த முடியுமா?"

துணியைப் பிரித்ததும் விமலாவுக்குக் கை பின்வாங்கியது. பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு திதிக்கும் அந்த டேப்பைப் படத்துக்கு முன்னால் வைத்துப் படைத்திருக்கிறார்கள். திருநீறு பட்டை பட்டையாக. அதன்மேல் சந்தனம், நடுவில் குங்குமம். சக்கரம் சுற்றும் ஓட்டைக்குள்ளும் சாம்பல் இறங்கியிருந்தது. அஞ்சு திருகாணிதான், கழற்றித் துடைத்துவிட்டுப் போடுகிறேன் என்றாள்.

நீலாவதி டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "அது டேப்பு இல்ல. அவரு நெத்தி. நெத்தியில இருக்கறத யாராச்சும் துடைப்பாங்களா?"

"அண்ணி, சாம்பல் உள்ள போனா மெஷினு..."

விமலாவின் புருஷன் புவனேஸ்வரன் நாற்காலியில் இருந்து எழவே இல்லை. லோரி ஓட்டி முடித்து வந்தவன், காலை நீட்டிக்கொண்டு சொன்னான். "போடு லா. அக்கா என்ன தினம்மா கேக்குது? முப்பது வருசம் ஓடுன மெஷினு, ஒரு திருநீறுக்கா சாகப் போவுது?"

முப்பது வருடம் ஏன் ஓடியது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. விமலா டேப்பை வாங்கிப் போட்டாள்.

ஓடியது. நாற்பது நிமிடம், குறையில்லாமல். முருகையா காவடியோடு ஆடினார். நீலாவதி அழுதாள், பெண்டிரைவை வாங்கிக் கைப்பையில் போட்டாள், வரும்போது இருந்த கோபம் இல்லாமல் போனாள்.

அவள் போனதும் விமலா மூடியைக் கழற்றினாள். பஞ்சு சாம்பல் நிறமாக வந்தது. வெள்ளையாக வரும்வரை, குச்சி மேல் குச்சியாகத் துடைத்தாள். பழைய டேப் ஒன்றைப் போட்டுப் பத்து நிமிடம் பார்த்தாள். படம் சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை டிவிக்கு ஒரு முழம் தள்ளி உட்கார வைத்தார்கள். காதுக் கருவியின் சத்தத்தை அண்ணன் முழுசாகக் கூட்டிவிட்டார். விமலா டேப்பை முன்னால் ஓட்டவில்லை. வேகமாக ஓட்டினால் பழைய டேப் இழுபடும். நாதஸ்வரம், தாலி, மாலை, போட்டோ, எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார்கள். பந்தி வந்தது. வசந்தன் வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு மைக்கைப் பிடுங்கினான்.

"மச்சான், எங்..."

குரல் கிணற்றுக்குள் இறங்குவது போலத் தடித்து இறங்கியது. படம் முழுக்கப் பொரிந்தது. டெக்குக்குள் காய்ந்த இலையை மிதிக்கிற சத்தம். விமலா பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

அம்மா வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாயசைச்சானே. எனக்குத்தான் கேக்கலையா?"

அம்மா காதுக் கருவியைத் தட்டினாள். மறுபடி தட்டினாள். விமலா குனிந்து அந்தக் காதில் வாயை வைத்து, தம்பி சொன்னதை முழுசாகச் சொன்னாள், கடைசி 'லா' வரைக்கும். அம்மா கேட்டுக்கொண்டாள்.

"நீ சொல்ற," என்றாள். "அவன் சொல்லலையே."

சாயந்திரம் அவர்கள் போன பிறகு விமலா டெக்கைத் திறந்தாள். டேப்பை இழுத்து விடுகிற ரப்பர் உருளைக்கு அடியில், குச்சி நுழையாத இடத்தில், மிளகளவு சந்தனம். முக்கால் மணி நேரச் சூட்டில் இளகி டேப்பைப் பிடித்திருக்கிறது. டேப் உருளையில் சுற்றி, மடிந்து, நூலாகக் கிழிந்திருந்தது. கத்தரியால் வெட்டி எடுத்தாள். பூக்காரி அளப்பது போல முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்துப் பார்த்தாள். சரியாக ஒரு முழம். ஒரு முழத்துக்கு ஏறக்குறைய இருபது வினாடி என்று அவளுக்குத் தெரியும். வசந்தன் பேசியதும் அவ்வளவுதான்.

அதற்கு முன் ஓடியது எல்லாம் லேப்டாப்பில் பத்திரமாக ஏறியிருந்தது. பட்டுச் சேலையில் நீலாவதி மாப்பிள்ளைக்குப் பழம் ஊட்டுவதுகூடத் துல்லியமாக இருந்தது.

திங்கட்கிழமை திதிக்கு விமலாவும் போனாள். போகாமல் இருக்க முடியாது. படையல் முடிந்து, டிவியில் முருகையா ஆட, இலை போட்டார்கள். நீலாவதி எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, தம்பி வீட்டு மெஷின் மாதிரி இந்தப் பக்கம் ஒன்று கிடையாது என்றாள். பிறகு உள்ளே போய் இன்னும் இரண்டு டேப்பைக் கொண்டு வந்தாள். இரண்டிலும் திருநீறு.

"அவசரமில்ல விமலா. அடுத்த வாரம் ஏத்திக் கொடு."

"மெஷினு இல்ல அண்ணி."

"ஏன், எங்க போச்சு?"

விமலா ரசத்தைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். "என் தம்பி வந்து தூக்கிக்கிட்டுப் போயிட்டான்."

நீலாவதிக்கு எந்தத் தம்பி என்று விளங்கவில்லை. யோகேந்திரன் விமலாவுக்கு அண்ணன் ஆயிற்றே என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டாள். புவனேஸ்வரனுக்கு விளங்கியது. மோருக்குக் கை நீட்டியவன், நீட்டிய கையை இலையிலேயே வைத்துக்கொண்டான். அதன் பிறகு அவன் தலை நிமிரவில்லை.