நாலுக்கு அப்புறம் ரெண்டு

புதிய துறைமுகத்தில் கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கத் தொடங்குவதற்கு முந்தைய வருடங்கள் அவை. பெரிய கப்பல்கள் தூத்துக்குடிக்குக் கிழக்கே, ஆழம் உள்ள இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில் கரைக்கு வரும். நான் ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியில் போர்டிங் கிளார்க். தினமும் லாஞ்சு என்ற மோட்டார் படகில் போய்க் கயிற்றேணியில் ஏறி, கப்பல் அதிகாரிகள் ஆங்கிலத்தில் சொல்வதைச் சரக்கு இறக்கும் ஆட்களுக்கும், ஆட்கள் சொல்வதை அதிகாரிகளுக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். நாசரேத் ஊர்ப் பள்ளியில் படித்த ஆங்கிலம் வாங்கித் தந்த வேலை.

அதற்குக் கரையில் பல பெயர்கள். வயதானவர்கள் துப்பாசி என்பார்கள், இரண்டு பாஷைக்காரன் என்ற அர்த்தத்தில். தோணிக்காரர்களுக்கு நான் நடுவாள். கோபம் வந்தால் தரகன். எனக்குத் துப்பாசி என்ற சொல் பிடித்திருந்தது. அதில் ஒரு மிடுக்கு இருந்தது. நடுவில் நிற்கிறவன் தன் சொல்லைச் சொல்வதில்லை, அதனால் அவன்மேல் பழியும் வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். இருபத்திமூன்று வயது.

ஆடி மாதம் ஒரு நாள், கோதுமை ஏற்றிவந்த வெளிநாட்டுக் கப்பல். மூட்டைகள் கப்பலின் நாலாம் சரக்கு அறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. அடுத்து எந்த அறை என்று, சரக்கு இறக்கும் ஆட்களின் மேஸ்திரி கேட்கச் சொன்னார். கப்பலின் முதல் அதிகாரி தாடைக்குள்ளேயே பேசுகிற மனிதர். அவருக்கும் ஆங்கிலம் சொந்த பாஷை இல்லை. காற்று வேறு காதை அடைத்தது. "டூ, ஆஃப்டர் ஃபோர்" என்றார். இன்னும் ஏதோ சொன்னார், அது என் காதில் விழவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்து, நாலாம் அறை முடிந்ததும் ரெண்டாம் அறையில் இறங்கலாம் என்று மேஸ்திரியிடம் சொன்னேன்.

கரைக்குத் திரும்பி ஆபீசில் அன்றைய அறிக்கையை எழுத உட்கார்ந்தபோது மணி பத்தரை. அவர் சொன்னதை அப்படியே எழுதினேன். ஆஃப்டர் என்ற சொல்லில் பேனா நின்றுவிட்டது. ரெண்டுக்கும் நாலுக்கும் நடுவில் கிடந்த அந்தச் சொல்லை அப்போதுதான் நன்றாகப் பார்த்தேன். நாலாம் அறைக்கு அப்புறமா, நாலு மணிக்கு அப்புறமா?

கப்பல் வந்த அன்று வாங்கிவைத்த காகிதங்களைப் புரட்டினேன். ரெண்டாம் அறையில் வண்டுக்காக மருந்துப் புகை அடைத்திருந்தார்கள். அதைத் திறந்து காற்றாட விட்ட பிறகே ஆள் இறங்கலாம் என்று எழுதியிருந்தது. காலையில் அந்த அறையின் மூடிப் பலகைகளை அகற்றிக்கொண்டிருந்ததை நானே பார்த்திருந்தேன். வேலைக்காகத் திறக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

நாலாம் அறையில் மிச்சமிருந்தது சொற்ப மூட்டைகள். உச்சிப்பொழுதுக்குள் முடிந்துவிடும்.

எங்கள் லாஞ்சு வேறொரு கப்பலுக்குப் போயிருந்தது. கப்பலுக்கு அவசரமாகச் சேதி சொல்ல என் கையில் வேறு வழியில்லை. கரையோரமாக ஓடி, கப்பல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாஞ்சை ஓட்டுகிற அண்ணாச்சியிடம் கெஞ்சினேன். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. பேப்பர் ஒன்று விட்டுவிட்டேன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எஞ்சினைப் போட்டார்.

அந்த முக்கால் மணி நேரத்தைப் போல ஒரு நேரத்தை நான் அதற்குப் பிறகு அனுபவித்ததில்லை. வெயில் பளிச்சென்று அடித்தது. மேஸ்திரியின் ஆட்கள் எட்டுப் பேரையும் எனக்கு முகம் தெரியும். ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. இறங்கியிருக்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொண்டேன். சொல்லும்போதே, இறங்கச் சொன்னது நான்தானே என்றும் தோன்றியது.

ஏணியில் ஏறித் தளத்தில் கால் வைத்தேன். நாலாம் அறையில் சத்தமில்லை. ரெண்டாம் அறையருகே கும்பல். இரண்டு பேர் தளத்தில் கிடந்தார்கள். ஒருவன் உட்கார முயன்று வாந்தி எடுத்தான். மற்றவன் கண்மூடிக் கிடக்க, மேஸ்திரி அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். முதலில் இறங்கிய இருவரும் பூண்டு அழுகின மாதிரி நாறுது என்று கத்தியிருக்கிறார்கள். மேஸ்திரி மற்றவர்களை இறங்க விடாமல், உடனே அவர்களைக் கயிற்றில் மேலே இழுத்திருக்கிறார்.

அதிகாரி என்னைப் பார்த்ததும் கத்தினார். சொன்ன பேச்சைக் கேட்காத மடையர்கள், நாலு மணிவரை இறங்காதே என்றேனே என்றார்.

"அவன் என்ன சொல்லுதான்?" என்று மேஸ்திரி கேட்டார்.

அந்தக் கப்பலில் இரண்டு பேச்சும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதிகாரி தப்பாகச் சொல்லிவிட்டார் என்று மேஸ்திரியிடமும், ஆட்கள் அவசரப்பட்டார்கள் என்று அதிகாரியிடமும் சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தளத்தில் கிடந்தவனின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"நாலு மணிக்கு அப்புறம் எறங்கணும்னுதான் சொல்லியிருக்காரு, அண்ணாச்சி. எனக்குச் சரியா வெளங்கல. திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்கல" என்றேன்.

மேஸ்திரி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் எழுந்திருக்கக்கூட இல்லை.

"வெளங்கலன்னா வெளங்கலன்னு சொல்லு. நாங்க சும்மா இருந்திருப்போம்லா" என்றார்.

அதிகாரியிடமும் பிழை என்னுடையது என்று சொன்னேன். இருவரையும் தண்ணீர் லாஞ்சிலேயே கரைக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாந்தி எடுத்தவன் மறுநாளே வீட்டுக்குப் போனான். மற்றவன் மூன்று நாள் கிடந்தான். அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரி வாசல்வரை போவேன், உள்ளே போகக் கால் வராது. அவன் மனைவி வெளியே வந்தால் மரத்துக்குப் பின்னால் நகர்ந்துகொள்வேன். கம்பெனியில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வேலை போகவில்லை.

பயம்தான் போகவில்லை. அதிகாரிகள் வாயைத் திறந்தாலே காகிதத்தை எடுத்து எழுதிக்கொள்வேன். ஒரே விஷயத்தை இரண்டு தடவை, மூன்று தடவை கேட்பேன். இவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று சிலர் புகார் எழுதினார்கள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தவன் மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தான். வேறொரு கப்பல், சாதாரண உரமூட்டை. அறையின் விளிம்பில் கயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "எறங்கலாமா?" என்றான்.

ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் நன்றாகக் கேட்டு, எழுதியும் வாங்கியிருந்தேன். காகிதம் சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் ஆமாம் என்று சொல்லத் துணியவில்லை. "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு, அதிகாரியிடம் மறுபடி கேட்கப் படியேறினேன்.