பந்து போட முடியாத ஐந்தாவது ஆள்

பிள்ளைகளே, டெஸ்ட் ஆட்டத்துக்கு எத்தனை பவுலர் வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஓயாத சண்டை. ஐந்து நாள் நடக்கிற ஆட்டம் அது. பதினோரு பேரில் பவுலரைக் கூட்டினால் மட்டை பிடிப்பவர் குறைவார். நான் ஐந்து பவுலர் என்பேன், என் மகள் நான்கு போதும் என்பாள். படூரில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவன் நான். தெரிந்த மாதிரிதானே சொல்ல வரும்.

“பஸ்ல ஸ்டெப்னி எதுக்கு வெச்சிகினு போறேன்? ஒரு டயர் பூட்ச்சுன்னா நடுரோட்ல நிக்கக் கூடாதுன்னுதான்.”

“உன் ஸ்டெப்னி ரன் அடிக்குமா நைனா?” என்பாள்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. வேகமாகப் பந்து போடுவாள். போன வருடம் முதுகு பிடித்துப் பல வாரம் படுத்துவிட்டாள். ஒரே மூச்சில் நிறையப் போடக் கூடாது, மறுபடி வந்தால் ஆட்டத்தையே விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்தக் கோடையில் செங்கல்பட்டில் பெண்களுக்கு இரண்டு நாள் ஆட்டம், டெஸ்ட் மாதிரியே வெள்ளை உடுப்பில். அவள்தான் கேப்டன். சொன்னபடியே நான்கு பவுலரை எடுத்தாள். ஐந்தாவது பவுலரான திருக்கழுக்குன்றத்துப் பெண் வெளியே உட்கார்ந்தாள்.

எதிரணி முதலில் ஆடியது. சாப்பாட்டுக்கு முன்பே அந்த நான்கு பவுலரில் ஒருத்தியான எங்கள் ஸ்பின்னர் ஒரு கேட்ச் பிடிக்கப் போய் விரலை உடைத்துக்கொண்டாள். அவளுக்குப் பதிலாகத் திருக்கழுக்குன்றத்துப் பெண் உள்ளே ஓடியதும் எனக்கு உயிர் வந்தது.

பக்கத்தில் நின்றவர் கல்பாக்கத்திலிருந்து வந்த இன்னொரு பெண்ணின் அப்பா. “அவசரப்படாத அண்ணாத்த. பதிலுக்கு வந்த ஆளு பந்த பொறுக்கலாம், போடக் கூடாது. ரூல் அப்படி கீது.”

“இன்னா ரூல் இது? பவுலர் பொண்ணுதானே உள்ள நிக்குது?”

“கல்யாண வூட்ல சமையல்காரன பந்தில ஒக்கார வெச்ச மாதிரிதான்.”

அந்தப் பெண் பந்தை எடுப்பாள், பேண்டில் தேய்ப்பாள், என் மகள் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் நிற்பாள். வெயில் ஏற ஏற, மகள் பந்துக்குப் பந்து இடுப்பில் கை வைக்க ஆரம்பித்தாள். நான் கோச்சிடம் ஓடினேன். “அவதாங்க கேப்டன். அவகிட்டயே சொல்லுங்க” என்றார் அவர்.

தண்ணீர் குடிக்க அவள் எல்லைக் கயிற்றுப் பக்கம் வந்தாள்.

“போதும் கண்ணு. வேற யார்னா போடட்டும்.”

“யாரு? மீதி ரெண்டு பேரும் நாக்கு தள்ளிகினு கீறாங்க.”

“மட்டை பிடிக்கிற பொண்ணுங்கள்ல ஒண்ணு...”

“குடுத்தேனே, பாக்கல? அடி பின்னிட்டாங்க. நீ கயித்துக்கு அந்தாண்ட போ நைனா.”

போனேன். இன்ஜின் சூடானால் பஸ்ஸை ஓரம் கட்ட எனக்குத் தெரியும். பந்து போட ஓடி வருகிற பெற்ற பெண்ணை எப்படி ஓரம் கட்டுவது?

சாயங்காலம் ஆட்டம் நின்றபோது எதிரணியில் இன்னும் பாதிப் பேர் ஆட வேண்டியிருந்தது. மகள் வந்து மைதானத்துப் படியில் மெல்ல உட்கார்ந்தாள். குனிய முடியவில்லை.

“ஷூவ கழட்டி வுடு நைனா.”

கீழே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். அடுத்த காலை நீட்டினாள்.

“நாளைக்கு எத்தினி பேரு போடுவீங்க?”

“மூணு” என்றாள்.